அப்பாவின் பெயரோடு எட்டு நாள்

நவம்பர் 5, சோம்பத்ஹெய், ஹங்கேரி

விடுதி வரவேற்பில் இருந்த இளைஞர் என் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, குடும்பப் பெயர் இருக்கும் வரியில் விரலை வைத்து "மார்டோன்!" என்றார். அப்புறம் சன்னலுக்கு வெளியே கை நீட்டிச் சிரித்தார். அந்தப் பெயர் இந்த ஊருடையது என்கிறார்.

எனக்குக் குடும்பப் பெயர் என்று எதுவும் கிடையாது. அந்தக் கட்டத்தை நிரப்ப அப்பாவின் பெயரைப் போட்டிருக்கிறேன்: மார்ட்டின். கன்னியாகுமரிக் கடற்கரையில் வள்ளம் இறக்கி மீன் பிடித்தவர். மூன்று வருடங்களுக்கு முன் காலமானார். அவர் பிறந்தது ஒரு நவம்பர் 11. கோயில் காலண்டரைப் பார்த்து அன்றைய புனிதரின் பெயரையே வைத்துவிட்டார்கள். அந்தப் புனிதர் பிறந்த இடத்தில் தொடங்கி இறந்த இடம் வரை போய்ப் பார்ப்பது என்று கிளம்பியிருக்கிறேன். தினமும் இரவில் எழுதிப் போடுகிறேன்.

முதலில் பெயரின் வேர். 'மார்ஸ்' ரோமானியரின் போர்க் கடவுள். லத்தீனில் அந்தச் சொல் வேற்றுமை ஏற்கும்போது 'மார்த்திஸ்' என்று மாறும். நம் 'மரம்', உருபு சேர்ந்தால் 'மரத்தை', 'மரத்தில்' என்று ஆகிறதே, அதே மாதிரி உள்ளே ஒளிந்திருந்த 'த்' வெளியே வருகிறது. அந்த அடியோடு 'இனுஸ்' விகுதி சேர்ந்தால் 'மார்த்தினுஸ்': மார்ஸைச் சேர்ந்தவன். மார்ச் மாதத்துக்கும் இதே வேர்தான். பிரெஞ்சின் 'மார்தி', ஸ்பானியத்தின் 'மார்த்தெஸ்', இத்தாலியத்தின் 'மார்த்தெதி' மூன்றும் செவ்வாய்க்கிழமை. அந்தச் சிவந்த கோளை அவர்கள் போர்க் கடவுளுக்குக் கொடுத்தார்கள். நம் பக்கமும் செவ்வாய்க்கு உரியவர் முருகன், தேவர்களின் சேனாபதி. இது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பக்கத்து வீட்டுச் சஷ்டி விரதத்தால் தெரியும். ஆனால் அப்பாவின் பெயரோடு சேர்த்து யோசித்ததில்லை.

இந்த ஊர் ரோமானியர் காலத்தில் 'சவாரியா'. பேரரசர் கிளாடியஸ் காலத்தில் உருவான குடியிருப்பு. பால்டிக் கடலிலிருந்து இத்தாலிக்கு அம்பர் என்ற பிசின் கல் போன பாதை இதன் நடுவே ஓடியது. இடிபாடுகள் இருக்கும் தோட்டத்தில் அந்தப் பாதையின் ஒரு துண்டு இன்னும் கிடக்கிறது. கருங்கல் பாளங்கள், ஒழுங்கான வடிவம் இல்லாமல், ஆனால் இடைவெளியே தெரியாமல் பொருத்தியிருக்கிறார்கள். மேற்பரப்பு தேய்ந்து, எங்கள் வீட்டு அம்மிக்கல் போல நடுவில் மினுங்குகிறது. மார்ட்டினின் அப்பா ரோமப் படையில் அதிகாரி. மகன் பிறந்தது 316ஐ ஒட்டி என்பது மரபு. படைக்காரர் தன் பிள்ளைக்குப் போர்க் கடவுளின் பெயரை வைத்ததில் வியப்பில்லை.

அவர் பிறந்த இடம் என்று சொல்லப்படும் இடத்தில் இப்போது ஒரு தேவாலயம். முன்னால் ஒரு கிணறு. கிணற்றருகே சிலை: மார்ட்டின் தன் தாய்க்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார். (பன்னோன்ஹல்மா மலை மடத்தார், அவர் எங்கள் மலையடிவாரத்தில் பிறந்தார் என்று பழைய உரிமை கொண்டாடுவது உண்டு. நான் அந்த வழக்கில் நுழையவில்லை.)

இன்னொரு விஷயம். சோம்பத் என்றால் சனிக்கிழமை, ஹெய் என்றால் இடம். சனிக்கிழமைச் சந்தை கூடிய ஊர். சனிக்கிழமை ஊரில் செவ்வாய்க்காரர் பிறந்திருக்கிறார்.

இரவு வாத்துத் தொடை, சிவப்பு முட்டைக்கோஸ். பெருவாத்து, நம் குளத்து வாத்து இல்லை. மார்ட்டின் நாளில் வாத்து தின்னாதவன் வருடம் முழுக்கப் பட்டினி கிடப்பான் என்று ஹங்கேரியில் பழமொழியே இருக்கிறது. பிரான்ஸின் தூர் நகரத்து மக்கள் அவரை ஆயராக்கத் தேடியபோது வாத்துக் கொட்டிலில் ஒளிந்தாராம், வாத்துகள் கத்திக் காட்டிக் கொடுத்துவிட்டனவாம்.

நவம்பர் 6, பிராத்திஸ்லாவா, ஸ்லோவாக்கியா

இரண்டு ரயில் மாறி வந்தேன். மழை. புனித மார்ட்டின் பேராலயத்தில் 1563 முதல் 1830 வரை ஹங்கேரி அரசர்களுக்கு முடிசூட்டினார்கள். கோபுரத்தின் உச்சியில் சிலுவை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பொன் மகுடம்.

எனக்கு முக்கியமானது உள்ளே இருந்தது. கேயார்க் ரஃபேல் டோன்னர் என்ற சிற்பி 18ஆம் நூற்றாண்டில் ஈயத்தில் வார்த்த சிற்பம்: குதிரை மேல் மார்ட்டின், கீழே ஆடையில்லாத பிச்சைக்காரர், நடுவில் வாளால் பிளக்கப்படும் மேலங்கி. இதில் மார்ட்டின் ரோமப் படைவீரர் உடையில் இல்லை. ஹங்கேரியக் குதிரைப்படைக்காரரின் உடுப்பில் இருக்கிறார். நெஞ்சில் கயிற்றுப் பின்னல் வைத்த சட்டை. அதன் முன் வெகுநேரம் நின்றேன். எந்த நாட்டுக்குப் போனாலும் அந்தந்த நாட்டு உடுப்பை மாட்டிவிடுகிறார்கள். பெயருக்கும் இதைத்தான் செய்திருக்கிறார்கள். அதை நாளை எழுதுகிறேன், நாள் முழுக்க ரயில்தான்.

நவம்பர் 7, ரயிலில்

ப்ராக் வழியாக ஜெர்மனிக்கு. செக் நாட்டில் 'மார்ட்டின் வெள்ளைக் குதிரையில் வருகிறார்' என்பார்கள். அவர் நாளையொட்டி முதல் பனி விழும் என்று அர்த்தம். இன்று பனி இல்லை. சன்னலில் பழுப்பு வயல்தான் ஓடுகிறது.

நோட்டில் பெயர்களை எழுதிக்கொண்டே வந்தேன். ஹங்கேரியில் மார்டோன். டென்மார்க்கிலும் சுவீடனிலும் கிட்டத்தட்ட மோர்ட்டென், எழுதுவது மட்டும் வேறு. நெதர்லாந்தில் மார்ட்டன். ஃபின்லாந்தில் மார்த்தி, எஸ்தோனியாவில் வெறும் மார்ட். இந்த இரண்டிலும் கடைசி 'ன்' உதிர்ந்துவிட்டது. லாத்வியாவில் மார்ட்டிஞ்ஷ், லித்துவேனியாவில் மார்த்தீனஸ். அந்த இரண்டு மொழியிலும் ஆண் பெயர் பெரும்பாலும் ஸ், ஷ் போன்ற ஒலியில்தான் முடிய வேண்டும், அதனால் ரோமானியர் வைத்த வால் போல ஒன்று அங்கே இன்னும் ஆடுகிறது. கத்தலோனியாவில் மர்த்தீ. இத்தாலியில் மார்த்தீனோ. அயர்லாந்தில் மார்ட்சீன் மாதிரி ஒலிக்கும்.

போலந்தில் மார்ச்சின். முதலில் பார்த்தபோது இது வேறு பெயரோ என்று சந்தேகப்பட்டேன். அப்புறம் புரிந்தது. 'த்' பக்கத்தில் 'இ' வந்தால் நாக்கு அண்ணத்தைத் தேடிப் போகும், 'ச்' ஆகிவிடும். நாம் 'படித்தேன்' என்று எழுதிவிட்டு 'படிச்சேன்' என்று பேசுகிறோம். 'அடித்து', 'அடிச்சு'. நமக்கு 'இ' முன்னால் நிற்கிறது, அவர்களுக்குப் பின்னால், அவ்வளவுதான் வேறுபாடு. போலந்தின் போஸ்னான் நகரத்தில் நவம்பர் 11 அன்று மார்ச்சின் பெயரில் வெள்ளைக் கசகசா பூரணம் வைத்த, குதிரை லாடம் போல வளைந்த ரொட்டி தின்பார்கள்.

குடும்பப் பெயர்களில் இன்னும் அழகு. ஸ்பெயினில் மர்த்தீனெஸ்: மார்ட்டின் மகன். டென்மார்க்கில் மோர்ட்டென்சன், சுவீடனில் மோர்ட்டென்சன் என்பதற்கே இன்னொரு எழுத்துக்கூட்டு, போலந்தில் மார்ச்சின்கியெவிச். எல்லாம் 'மார்ட்டின் மகன்'தான். நாம் தகப்பன் பெயரின் முதல் எழுத்தை முன்னால் வைப்போம், இவர்கள் முழுப் பெயரையும் பின்னால் கட்டியிருக்கிறார்கள். என்றைக்கோ வாழ்ந்த ஏதோ ஒரு மார்ட்டின், தன் மகனுக்கு மட்டும் இனிஷியலாக இருந்தவர், எழுநூறு வருடமாகப் பேரன் பேத்திகள் வாயில் இருக்கிறார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. என் பிள்ளையின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் இருக்காது.

போர்த்துக்கலில் மர்த்தீம், மர்த்தீஞு என இரண்டு வடிவம். அங்கே ஒரு விசித்திரம். பிற லத்தீன் வழி மொழிகளில் செவ்வாய்க்கிழமை மார்ஸின் பெயரில் இருக்க, போர்த்துக்கீசியத்தில் மட்டும் 'தெர்சா', அதாவது மூன்றாம் நாள். கிழமைகளுக்குப் பழைய கடவுள்களின் பெயர் கூடாது என்று 6ஆம் நூற்றாண்டில் எழுதியவர் பிராகா நகரத்து ஆயர். இந்த வழக்கம் அவரிடமிருந்து வந்தது என்பார்கள். அவரும் நம் புனிதரைப் போலப் பன்னோனியாவில், சவாரியா இருந்த அந்த ரோம மாகாணத்தில், பிறந்தவர். அவர் பெயர்? மார்ட்டின். மார்ஸின் பெயரைத் தாங்கியவர் மார்ஸின் கிழமையை அழித்திருக்கிறார்!

நவம்பர் 8, ஐஸ்லேபன்

ஹாலேயிலிருந்து சின்ன ரயில். சுரங்கத் தொழில் இருந்த ஊர், இப்போது அமைதியாக இருக்கிறது.

1483 நவம்பர் 10 அன்று இங்கே ஒரு குழந்தை பிறந்தது. மறுநாள் பீட்டர் பவுல் கோயிலில் ஞானஸ்நானம். மறுநாள் நவம்பர் 11 என்பதால் பெயர் மார்ட்டின். மார்ட்டின் லூதருக்கும் எங்கள் அப்பாவுக்கும் ஒரே முறையில்தான் பெயர் வந்திருக்கிறது: பிள்ளை பிறந்தது, காலண்டரைப் பார்த்தார்கள். கோயிலின் உள்ளே இப்போது தரையிலேயே வட்டமாக ஒரு தொட்டி அமைத்திருக்கிறார்கள், தண்ணீர் விளிம்பு வரை நிறைந்து அசையாமல் கிடக்கிறது. வேறு யாரும் இல்லை. குனிந்து விரல் நனைத்தேன். நல்ல குளிர்.

லூதர் 1546இல் இறந்ததும் இதே ஊரில். புனிதர்களை வேண்டுவதை எதிர்த்தவர் ஒரு புனிதரின் பெயரைக் கடைசிவரை சுமந்தார். அதனால் வடக்கே சீர்திருத்தச் சபைகள் பரவிய பிறகும் அந்தப் பெயர் மங்கவில்லை. வைப்பதற்குப் புதுக் காரணம் கிடைத்துவிட்டது. அட்லாண்டாவில் மைக்கேல் கிங் என்ற பாஸ்டர் 1934இல் ஜெர்மனிக்கு வந்துவிட்டுத் திரும்பி, தன் பெயரையும் ஐந்து வயது மகன் மைக்கேலின் பெயரையும் மார்ட்டின் லூதர் கிங் என்று மாற்றினார். போர்க் கடவுளின் பெயர் கடைசியில் அகிம்சைக்காரர் ஒருவரிடம் வந்து சேர்ந்தது.

நவம்பர் 9, கொலோன்

மாலையில் குழந்தைகளின் விளக்கு ஊர்வலம். ரைன் ஆற்றோரத்தில் நவம்பர் 11ஐ ஒட்டிய நாட்களில் பள்ளிக்கு ஒன்றாக, தெருவுக்கு ஒன்றாக நடக்கிறது. எனக்கு முன்னால் நடந்த சிறுமி வாத்து வடிவில் காகித விளக்கு செய்திருந்தாள். குச்சியின் முனையில் சின்ன பல்பு. வாத்தின் கழுத்து நனைந்து தொங்க, அவள் அப்பா அதைத் தூக்கிப் பிடித்தபடியே நடந்தார். எல்லோருக்கும் முன்னால் நிஜக் குதிரையில் ரோமத் தலைக்கவசத்தோடு ஒருவர், சிவப்பு மேலங்கி. திடலில் நெருப்பு மூட்டினார்கள். அவர் மேலங்கியைப் பிளந்து கீழே உட்கார்ந்திருந்தவருக்குக் கொடுத்தார். கூட்டத்தில் சத்தமே இல்லை. பிறகு ஆளுக்கொரு மனித வடிவ ரொட்டி, வயிற்றில் வெள்ளைக் களிமண் புகைக்குழாய் பதித்தது.

திரும்பும் வழியில் ஒரு கதவுமணிப் பலகையில் 'மெர்ட்டென்ஸ்'. இதுவும் நம் பெயர்தான். ஜெர்மன் பேச்சில் பின்னால் வரும் 'இ', முன்னாலிருக்கும் 'அ'வைத் தன் பக்கம் இழுத்து 'எ' ஆக்கிவிடும். மார்ட்டின் இப்படித்தான் மெர்ட்டென் ஆனது.

நவம்பர் 10, ஆமியேன்

பாரிஸ் வழியாகப் பிரான்ஸின் வடக்கே. மேலங்கி கிழிந்தது இந்த ஊர் வாசலில்தான். பழைய வாசல் இப்போது இல்லை, நீதிமன்றச் சுவரில் ஒரு புடைப்புச் சிற்பம் நினைவூட்டுகிறது. அந்தக் குளிர்காலத்தில் அவர் பதின்வயதுப் படைவீரர், இன்னும் ஞானஸ்நானம் பெறவில்லை. பிறகு ரைன் கரையில் போருக்கு முந்தைய நாள், நான் இனி கிறிஸ்துவின் படைவீரன், சண்டை போடுவது எனக்கு ஆகாது என்று பேரரசரிடமே சொல்லி வெளியேறினார். என் அப்பாவின் பெயர் எனக்குப் பிடித்துப்போன இடம் இது.

மேலங்கிக்கு லத்தீனில் 'கப்பா', சின்னதென்றால் 'கப்பெல்லா'. மிச்சப் பாதியைப் பிராங்கிய அரசர்கள் புனிதப் பொருளாகக் காத்தார்கள், போருக்கும் எடுத்துப் போனார்கள். படையை விட்டு வந்தவரின் துணியைப் படைக்கு முன்னால் தூக்கிப் போனது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. அதை வைத்திருந்த இடத்துக்கே 'கப்பெல்லா' என்று பெயராகி, சிறு கோயில் எல்லாவற்றுக்கும் பரவியது. பிரெஞ்சில் ஷப்பேல், ஆங்கிலத்தில் சாப்பல், போர்த்துக்கீசியத்தில் கப்பேலா. கேரளத்தில் இன்றும் முச்சந்திச் சிறுகோயிலைக் 'கப்பேள' என்பார்கள். எல்லையோரத்தில் வளர்ந்த எனக்கு அது பழகிய சொல். அதற்குள் இந்த ஊர்க் குளிரும் பாதி மேலங்கியும் இருந்தது தெரியாமல் போயிற்று.

இரவு அம்மாவுக்கு போன் போட்டேன். "மக்களே, சொட்டர் போட்டியா?" என்ற விசாரணை முடிந்ததும் கேட்டேன், "அம்மா, பாட்டி அப்பாவை எப்படிக் கூப்பிடுவாங்க?"

"நான் எப்படி அதைச் சொல்ல?" என்று சிரித்தார். அம்மா ஒருநாளும் அப்பாவின் பெயரை வாயால் சொன்னதில்லை. போனை அத்தையிடம் கொடுத்தார்.

"மார்த்தீனுன்னுதான் மக்களே," என்றார் அத்தை. "பள்ளிக்கூடத்துல வாத்தியாரு மார்ட்டின்னு எழுதிட்டாரு."

'த்' ஆ, 'ட்' ஆ என்பதில் ஒரு வரலாறே இருக்கிறது. லத்தீனிலும் போர்த்துக்கீசியத்திலும் நாக்கு பல்லைத் தொடும்: மார்த்தீன். ஆங்கிலத்தில் மேலே ஏறிவிடும்: மார்ட்டின். அந்தோணியும் ஆண்டனியும் இப்படிப் பிரிந்ததுதான். எங்கள் கரைக்குப் பிரான்சிஸ் சவேரியார் வந்து ஞானஸ்நானம் கொடுத்தது 1544இல். அவர் கோவாவில் இறங்கிய 1542ஆம் ஆண்டுப் பயணத்தில் உடன் வந்த புதிய ஆளுநர் மர்த்தீம் அஃபோன்சு தெ சோசா. பெயர் முதலில் பல்லைத் தொட்டுக்கொண்டுதான் கப்பலில் வந்திருக்கிறது. பாட்டி அதை அப்படியே வைத்திருந்தார்.

நவம்பர் 11, தூர்

அப்பாவின் பிறந்தநாள்.

காலையில் விடுதிப் பெண் என் பாஸ்போர்ட்டை வாங்கி, "மர்த்தேன்" என்றார். மூக்கால் முடியும் உச்சரிப்பு, ஆனால் நடுவில் அதே பல் தொடும் 'த்'. பதிவேட்டைப் பார்த்துவிட்டு, முதல் பெயர் என்ன என்று கேட்டார். இன்று இரவுக்கு ஏற்கெனவே இரண்டு மர்த்தேன்கள் இருக்கிறார்களாம். பிரான்ஸில் மிக அதிகமான குடும்பப் பெயர் இதுதான். சேன்-மர்த்தேன் என்று பெயர் கொண்ட ஊர்களே இருநூறுக்கும் மேல். சந்தைக் கழுதைகளில் மர்த்தேன் என்ற பெயர் ஒன்றுக்கு மட்டுமா இருக்கிறது என்று பழமொழியும் உண்டு. ஆறு நாளாக எல்லா வரவேற்பு மேசையிலும் என் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னேன். இங்கே குடும்பப் பெயரைத் திருப்பிக் கேட்கவே இல்லை.

பழைய பேராலயம் பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் இடிக்கப்பட்டுவிட்டது. இரண்டு கோபுரங்கள் மட்டும் நிற்கின்றன, ஒன்று கடிகாரக் கோபுரம், இன்னொன்று ஷார்லமேன் கோபுரம். நடுவில் கோயில் இருந்த இடத்தில் தெரு ஓடுகிறது. பேக்கரி, துணிக்கடை, சைக்கிள். ஒரு கோபுரத்திலிருந்து இன்னொன்றுக்கு நடந்து பார்த்தேன். இவ்வளவு நீளமா இருந்தது அந்தக் கோயில் என்று கால்தான் சொன்னது. கல்லறையை 1860இல் மறுபடி கண்டுபிடித்தார்கள். மேலே விக்டர் லாலூ கட்டிய புதுக் கோயில். கீழ்த்தளத்தில் கல்லறை, சுற்றிலும் நன்றி சொல்லும் சலவைக்கல் பலகைகள், சுவர் தெரியாத அளவுக்கு. பலவற்றில் வெறும் முதலெழுத்துகள். இனிஷியல் போலவே.

பதினொரு மணிக்கு ஊர்ப் போர் நினைவிடத்தில் கூடினார்கள். இன்று விடுமுறை நாள், புனிதருக்காக இல்லை. 1918இல் இதே நாள் பதினொரு மணிக்கு முதல் உலகப்போர் நின்றது. மலர்வளையம், மூவர்ணக் கொடி, எக்காளம். கல்லில் வெட்டிய பெயர்களில் எத்தனை மர்த்தேன் என்று எண்ணத் தொடங்கினேன். பாதியில் விட்டுவிட்டேன்.

நவம்பர் 12, காந்த்-சேன்-மர்த்தேன்

ஷினோன் வரை ரயில், அப்புறம் டாக்ஸி. வியேன் ஆறு லுவார் ஆற்றில் கலக்கும் இடத்தில் இருக்கும் சின்ன ஊர். 397 நவம்பர் 8 அன்று மார்ட்டின் இங்கேதான் இறந்தார். உடல் எங்களுக்கு என்று புவாத்தியே ஊரார் ஒரு பக்கம், தூர் ஊரார் ஒரு பக்கம். காவலிருந்த புவாத்தியேக்காரர்கள் கண்ணயர்ந்த நேரத்தில் தூர்க்காரர்கள் உடலைச் சன்னல் வழியாக இறக்கிப் படகில் ஏற்றிவிட்டார்கள். 11ஆம் தேதி அடக்கம். அந்தச் சன்னல் கதையைக் கோயிலில் வண்ணக் கண்ணாடியில் வரைந்திருக்கிறார்கள். படகு போன வழியெல்லாம் நவம்பரில் பூப்பூத்ததாம். இந்த மாதத்தில் நாலு நாள் வெயிலடித்தால் இன்னும் 'மர்த்தேன் கோடை' என்கிறார்கள். இன்று வெயில்தான்.

கரையில் தட்டையான அடி கொண்ட ஒரு பழைய மரப் படகு கட்டிக் கிடந்தது. தார் பூசியிருக்கிறார்கள், வாசனை எங்கள் வள்ளத்தின் வாசனை. அதன் முனையில் ஒரு மீன்கொத்தி. நீல முதுகு, செங்கல் நிற வயிறு. அசையாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது.

டாக்ஸிக்காரர் அதைக் காட்டி, "மர்த்தேன்-பெஷேர்," என்றார்.

மீன் பிடிக்கும் மார்ட்டின். பிரெஞ்சில் மீன்கொத்தியின் பெயரே அதுதானாம். மறுபடி சொல்லச் சொல்லிப் போனில் பதிவு செய்து அத்தைக்கு அனுப்பினேன். அதற்குள் அது தண்ணீரில் பாய்ந்து, வெள்ளியாக ஏதோ ஒன்றை அலகில் வைத்துக்கொண்டு படகுக்கே திரும்பி வந்து உட்கார்ந்தது.